பரணில் வைத்த முப்பத்தாறு பாட்டில்கள்

மங்கம்மாள் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாயில் கட்டிய மல்துணியை அவிழ்ப்பாள். அடியில் இரண்டு தட்டு தட்டுவாள். சுருண்டு விழும் இலையை ஊசியால் புரட்டுவாள். சின்னத் தூரிகையால் தட்டின் ஓரமெல்லாம் துழாவுவாள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுத் துணியைக் கட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள். நான் உள்ளே போனபோது பத்தொன்பதாவது பாட்டிலில் இருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து வெந்நீர் வைப்பவள், அன்று தலை நிமிரவில்லை.

"இன்னாச்சி?" என்றேன்.

"ஒண்ணும் வரல நர்சம்மா. குளவியும் வரல, ஈயும் வரல. எல்லாம் செத்துக் கெடக்குது."

"மிச்சத்தையும் பாரு. நான் அவரைப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெந்நீரை நானே வைத்துக்கொண்டேன்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வண்டியில் புதன்கிழமைதோறும் நான் ஜவ்வாது மலைக்குப் போகிறேன். ஊமைப்பாறையில் எனக்கு ஒரே ஒரு நோயாளி, மங்கம்மாளின் கணவன் மாதையன். மூன்று வருஷத்துக்கு முன்னால் புளி உலுக்க ஏறியவன் கிளை முறிந்து விழுந்தான். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்கிறார்களா என்று பார்ப்பதும் என் வேலை. மங்கம்மாள் புரட்டுவாள். அதில் குறை சொல்ல முடியாது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. மலைமேல் இருந்த விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். ஒன்றரை ஏக்கரில் சாமையும் மொச்சையும் போடுகிறாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், கீழே ஒரு வேளாண் கல்லூரியிலிருந்து சிலர் வந்து கெட்டுப்போன மொச்சை இலைகளைப் பைபையாகப் பறித்தார்கள். நல்ல இலையை விட்டுவிட்டு ஏன் நோய் இலையைப் பறிக்கிறீர்கள் என்று கேட்கப் போனாள். அவர்கள் ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஒரு புழு ஓய்வெடுக்கிறது என்றார்களாம். இவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓய்வெடுக்கல, செத்துப்போச்சி. பக்கத்துல இன்னொண்ணு ஒக்காந்துனு கீது பாருங்க" என்றாளாம். சாமையில் கல் பொறுக்கிய கண். அன்றைக்கே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த வேலை என்னவென்று புரிந்துகொள்ள எனக்கே பல புதன்கிழமைகள் ஆயின. ஓர் ஈ இலைக்குள் முட்டை வைக்கிறது. அதன் புழு, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் தின்றுகொண்டே போகிறது. போன வழி வெளியே வெள்ளைக் கோடாகத் தெரியும். இந்தப் புழுவைத் தேடி வந்து முட்டையிடும் குளவிகள் இருக்கின்றன. எள்ளில் பாதி அளவு. மனிதரைக் கொட்டாது. குளவியின் குஞ்சு புழுவைத் தின்று வளர்கிறது, அதனால் ஈ குறைகிறது. எந்தச் செடியில், எந்த ஈயின் புழுவை, எந்தக் குளவி தாக்குகிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். கோடு விழுந்த இலையைப் பறித்து, ஒரு பாட்டிலுக்கு ஓர் இலை போட்டு, செடியின் பெயரும் வயலும் தேதியும் பென்சிலில் எழுதி உள்ளே வைத்து, என்ன வெளியே வருகிறது என்று காத்திருப்பதுதான் வேலை.

குளவிகளுக்கு மங்கம்மாள் வைத்த பெயர்கள் வேறு. உடம்பு பச்சையாகப் பளபளப்பது பச்சை மினுக்கி. தலையில் கிளை கிளையாக உணர்கொம்பு உள்ளது கொம்பன். இறக்கையில் சன்னல் கம்பிபோல நரம்பு ஓடுவது சன்னல் றெக்கை. ஆராய்ச்சி மாணவி சுவேதா இவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் வைத்திருக்கிறாள். காலின் நுனியில் நாலு கணு இருந்தால் ஒரு குடும்பம், ஐந்து இருந்தால் வேறு குடும்பம் என்று பிரிப்பாள். சுவேதா வேலைக்கு வந்த முதல் மாதத்தில், கொம்பனை ஓர் இனமாகவும் கொம்பு கிளைக்காத ஒன்றை வேறு இனமாகவும் எழுதினாள். மங்கம்மாள் அந்தப் பாட்டிலை அவள் கண்ணுக்கு நேரே நீட்டி, "இதுங்க ரெண்டும் புருஷன் பொண்டாட்டி, பிரிச்சி எழுதாத. பாவம்" என்றாள். சுவேதா அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.

இவற்றின் தீனி முறையும் இரண்டு. மினுக்கியும் கொம்பனும் புழுவை மயக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் முட்டை வைக்கும். குஞ்சு வெளியே இருந்தபடியே தின்னும். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் இது கண்ணுக்குத் தெரியும். சன்னல் றெக்கை அப்படியில்லை. முட்டையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே வைத்துவிடும். புழு ஒன்றுமே நடக்காததுபோலத் தின்று, வளர்ந்து, கூடாகும். கடைசியில் கூட்டை உடைத்துக்கொண்டு வருவது ஈ அல்ல, குளவி. வெளியே வரும்வரை யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் பாட்டில்.

அந்த ஐப்பசியில் பாட்டில்களை நம்பி ஊரில் ஒருவன் காத்திருந்தான். மாதையனின் தம்பி குப்பன். அவனுடைய மொச்சை வயல் மங்கம்மாளின் வயலை ஒட்டி இருக்கிறது. இலையெல்லாம் வெள்ளைக் கோடு. பூச்சிமருந்தும் தெளிப்பானும் கலசப்பாக்கத்திலிருந்து வாங்கி வந்து வைத்துவிட்டான். மங்கம்மாள்தான் தடுத்தாள். மருந்து இலைமேல் படும், புழு இலைக்குள் இருக்கிறது, சாவது குளவிதான். பாட்டிலில் எத்தனை குளவி வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன், பத்து நாள் பொறு என்றாள். அவன் பொறுத்தான். கீழூரில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருந்து அடித்த பிறகு ஈ பல மடங்கானதை அவனும் பார்த்திருந்தான். அந்தப் பத்து நாள் இந்தப் புதன்கிழமையோடு முடிந்தது. கணக்கெடுக்க சுவேதாவும் அன்று வருவதாக இருந்தது.

முப்பத்தாறாவது பாட்டிலையும் பார்த்து முடித்து மங்கம்மாள் எழுந்தாள். நான் மாதையனின் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டிலை எங்கே வெச்சிருந்தே?" என்று கேட்டேன். சுவர்ப் பலகையில் அவற்றைக் காணோம்.

"பலகைமேல ஒழுகிச்சி. போன வருஷம் இப்படித்தான் இலையெல்லாம் பூசணம் பூத்து பத்துப் பாட்டில் போச்சி. அதான் பரண்ல ஏத்தி வெச்சேன்."

மலைமேல் எல்லா வீட்டிலும் அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் உண்டு. விதை மொச்சை, சோளக்கதிர், அடுத்த வருஷத்துக்கு எது பிழைக்க வேண்டுமோ அதெல்லாம் அங்கேதான். புகை பட்டால் வண்டு விழாது. வீட்டிலேயே பத்திரமான இடம் அது. பண்டத்தை அலட்சியமாக எறிகிறவள் அங்கே வைக்க மாட்டாள்.

"விதை எங்க பொழைக்குமோ அங்க வெச்சேன்" என்றாள். "விதைக்கு வண்டு வராம இருக்கறதே புகையில பூச்சி சாவறதாலதான்னு அப்போ புத்தியில ஏறல."

மூன்று நாள் விடாத மழை. ஈர விறகு. அடுப்பு அணையவே இல்லை, ஏனென்றால் மாதையனின் விரிப்புகள் காயவேண்டும். ஈரத் துணியை அவனுக்குக் கீழே போடாதே, புண் பெரிதாகிவிடும் என்று போன வாரம் அவளைக் கண்டித்தவள் நான்தான். விரிப்புகள் நன்றாகக் காய்ந்திருந்தன. புண்ணும் சுருங்கியிருந்தது. விரிப்புகளில் புகை நாற்றம் அடித்தது. அவ்வளவுதான்.

படுத்தபடியே மாதையன் சொன்னான்: "நான் மரத்துலேர்ந்து வுழுந்தப்போ ஒரு நாள்தான் அழுதா. குளவிக்கு இன்னும் எத்தினி நாளோ."

"நான் அழுவல. வாய மூடினு படு."

"அழுவலன்னா கண்ணு ஏன் செவந்து கீது?"

"புகை" என்றாள். அது பொய் இல்லை.

அவள் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டங்கள் காலி. எல்லாவற்றிலும் சைபர் போட்டால், இந்த மலையில் இந்தப் பருவத்தில் குளவியே இல்லை என்று அர்த்தமாகிவிடும். குப்பன் மருந்து அடிப்பான். அடுத்த வருஷம் இவள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். கல்லூரிக்காரர்கள் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். அந்த வேலை போனால் மாதையனின் காற்றுப்படுக்கைக்கும் கையுறைக்கும் பஞ்சுக்கும் யார் வழி செய்வது? நான் அதைத்தான் முதலில் நினைத்தேன். என் தொழில் அப்படி.

"போன வருஷ நோட்டு இருக்குது இல்ல?" என்றேன். "அதே வயல், அதே மாசம். அதையே கொஞ்சம் மாத்தி எழுதிடு. குளவி இருக்குன்னு உனக்கே தெரியும். பொய்யின்னு சொல்ல முடியாது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"நீங்க சொரம் பாக்காமலே சீட்டுல நூறுன்னு எழுதுவீங்களா நர்சம்மா?"

மாதையனைப் புரட்டும் நேரமாகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டினோம்.

பிற்பகலில் சுவேதா வந்தாள். திருப்பத்தூரிலிருந்து பஸ், பிறகு ஜீப், கடைசி இரண்டு கிலோமீட்டர் நடை. முழங்கால்வரை சேறு. வழியில் மரம் விழுந்து, என்னை அழைத்துப்போக வரவேண்டிய வண்டியும் நின்றுவிட்டதாகச் சொன்னாள். அன்றிரவு நான் அங்கேதான் என்று முடிவாயிற்று. அவள் முதுகுப்பையை இறக்குவதற்குள் மங்கம்மாள் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் செத்துப்போச்சி சுவேதாம்மா. நான்தான் பரண்ல வெச்சி சாவடிச்சிட்டேன்."

சுவேதா ஒரு பாட்டிலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். "முப்பத்தாறுமாக்கா?"

"முப்பத்தாறும்."

"ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? இன்னா செய்யறதுன்னு சொல்லிருப்பேன் இல்ல?"

"பாறைமேல ஏறினாத்தான் சிக்னல். மழையில இவர வுட்டுட்டு எங்க ஏறுவேன்?"

சுவேதா வெளியே போய்ப் பலா மரத்தடியில் நின்றாள். இந்தப் பருவத்தோடு அவளுடைய ஆராய்ச்சிக் காலம் முடிகிறது. ஐப்பசி இலை திரும்ப வராது. அரை மணி கழித்து உள்ளே வந்து, "சாப்பிட எதாவது இருக்காக்கா?" என்று கேட்டாள். மங்கம்மாள் களியும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சுவேதா இரண்டாவது உருண்டை கேட்டாள். அது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

பொழுது சாயும்போது குப்பன் வந்தான். வாசலில் நின்றே கேட்டான்.

"இன்னா அண்ணி, உன் குளவிங்க இன்னா சொல்லுதுங்க?"

"ஒண்ணும் சொல்லல. செத்துப்போச்சிங்க. புகையில நான் சாவடிச்சிட்டேன்."

குப்பன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நான் மருந்து அடிச்சா குளவி சாவும்னு பத்து நாளா ஓதின. நீ மருந்தே இல்லாம முடிச்சிட்ட."

"சொல்லு. சொல்றதுக்கு ஒனக்கு பாத்தியம் கீது."

"பத்து நாளு அண்ணி. இலை பாதி போச்சி. இதுக்கு மேல என்னைப் பொறுக்கச் சொல்லாத. காலையில அடிக்கப் போறேன்."

"அடி. வேணாங்கல. வெயிலு வந்ததும் ஒன் வயல்ல நூறு கோடு எண்ணி, எத்தினியில குளவிக் குஞ்சு கீதுன்னு காட்டறேன். வெளிச்சத்துல புடிச்சா தெரியும். அதுக்கப்பறம் உன் இஷ்டம்."

குப்பன் யோசித்தான். "நூத்துல அம்பது காட்டு. நிறுத்தறேன். என் கண்ணால பாக்கறது அம்பது. நாப்பத்தொம்பதுன்னாலும் மருந்துதான்."

"சரி."

"இன்னாடா தம்பி, ஏலமா எடுக்கற?" என்று உள்ளேயிருந்து மாதையன் குரல் கொடுத்தான்.

"நீ படுண்ணே. ஒன் பொண்டாட்டி என் வூட்டு மொச்சைய குளவிக்கு விருந்து வெச்சிட்டா" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அவன் போன பிறகு சுவேதா மெல்லச் சொன்னாள்: "அக்கா, அம்பது வராதுக்கா. வெளிய இருந்து தின்றது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சன்னல் றெக்கை உள்ள இருக்கும். அதையும் சேத்தாதான் தாண்டும்."

"தெரியும்."

"அப்பறம் ஏன் ஒத்துக்கினீங்க?"

"அவன் பத்து நாளு என் பேச்சக் கேட்டான். நான் ஒரு வார்த்த அவன் பேச்சக் கேக்கக் கூடாதா?"

காலையில் மழை விட்டிருந்தது. மாதையனைத் துடைத்து, புரட்டி, கஞ்சி கொடுத்த பிறகுதான் மங்கம்மாள் புறப்பட்டாள். ஏழு மணிக்கு வெயில் மலைமுகட்டைத் தாண்டி வயலில் விழுந்தது. குப்பன் தெளிப்பானை முதுகில் மாட்டாமல் வரப்பில் வைத்திருந்தான். மருந்து கலக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

மங்கம்மாள் வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் அடி இலைகளாகப் பறித்தாள். குளவி இருக்கிற இலையாகப் பார்த்துப் பொறுக்கிவிடுவாள் என்று குப்பன் கூடவே நடந்தான். ஒவ்வோர் இலையையும் சூரியனுக்கு நேரே பிடிப்பாள். ஊசி நுனியால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போய் நிறுத்துவாள். சுவேதா லென்ஸை குப்பன் கையில் கொடுப்பாள்.

"பாரு. புழு பழுப்பா, தொளதொளன்னு கீது இல்ல? பக்கத்துல கறுப்பா ஒண்ணு. சுத்தி சின்னச் சின்னத் தூண் நட்டா மாதிரி கீது பாரு. இலை அதுமேல வுழாம இருக்க அந்தக் குஞ்சு போடற தூணு. அதும் பீயில கட்டினது."

"பீயிலயா வூடு கட்டுது?" குப்பன் லென்ஸை விட்டு முகத்தை எடுத்தான். பிறகு திரும்பவும் வைத்துப் பார்த்தான். "அடப்பாவி, ஆமா."

அதன் பிறகு அவனே லென்ஸுக்குக் கை நீட்டினான். முப்பதுக்குப் பிறகு அவனே சில இலைகளைப் பறித்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். அறுபதுக்குப் பிறகு அவனுக்குக் கண் கூசியது. நீயே சொல்லு அண்ணி என்று லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவள் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பான். இருக்கு, இல்ல, இல்ல, இருக்கு, இல்ல. அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. சுவேதா நோட்டில் கணக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

நூறு முடிந்தது.

"எத்தினி?" என்றான் குப்பன்.

சுவேதா மங்கம்மாளைப் பார்த்தாள். மங்கம்மாள்தான் சொன்னாள்: "நாப்பத்தொண்ணு."

சுவேதா தொடங்கினாள்: "அண்ணா, உள்ள இருக்கறது இதுல சேரல. கூட்டுலேர்ந்து வெளிய வந்தாத்தான் தெரியும். இன்னும் பத்து பதினஞ்சாவது..."

"தெரியாதத எண்ண முடியுமாம்மா?"

"முடியாது" என்றாள் மங்கம்மாள், சுவேதாவுக்கு முன்னால். "அவன் சொல்றது சரி. நீ கலக்கு குப்பா."

குப்பன் தெளிப்பானைத் தூக்கினான், மறுபடி வைத்தான். தலையைச் சொறிந்துகொண்டான். "உன் வரப்பு ஓரமா மூணு சாலு வுட்டுடறேன் அண்ணி. அதுக்கு மேல என்னால முடியாது. வூட்ல அவ என்னை வெட்டிப்போடுவா."

"எத்தினி மணிக்கு அடிப்ப?"

"ஒம்போது."

"அதுவரைக்கும் அடி இலைய நான் பறிச்சிக்கவா? செடிக்கு அது எதுக்கும் ஆவாது. காஞ்சி வுழற இலைதான்."

"பறிச்சிக்கோ. நான் வாணான்னா சொல்றேன்."

முக்கால் மணி நேரம் இருந்தது. மங்கம்மாள் தலையில் இருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் மடியாகக் கட்டினாள். சுவேதா பையைக் கவிழ்த்துக் காலி செய்தாள். எனக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. வீட்டுக்குப் போய்ப் பழைய படுக்கை விரிப்பு இரண்டைக் கொண்டுவந்து வரப்பில் விரித்தேன். இருவரும் வேகமாகப் பறித்தார்கள். தெளிப்பான் எந்தப் பக்கம் தொடங்குமோ அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். கோடு விழுந்த அடி இலை மட்டும். குப்பன் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "இன்னா கையி இது, மாவு பெசையற கையா?" என்று சுவேதாவைப் பரிகாசம் செய்துவிட்டு எழுந்து அவனும் ஒரு சால் பறித்தான்.

ஒன்பது மணிக்கு வயலில் பாதிகூட முடியவில்லை. குப்பன் மருந்தைக் கலக்கினான். மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் விரிப்புகளை முடிந்து தூக்கிக்கொண்டு வந்தோம். பின்னால் தெளிப்பான் சத்தம் கேட்டது. மங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் வேலையை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். சுவேதா செத்த இலைகளைக் கொட்டிப் பாட்டில்களைக் கழுவித் துடைத்தாள். மங்கம்மாள் புது இலைகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் துணி கட்டினாள். மிச்ச இலைகளைப் பழைய கொசுவலையில் கொட்டி மூட்டையாகக் கட்டினாள். அதிலிருந்து வரும் குளவிகளைத் தன் வயலில் கொண்டுபோய் விடப்போவதாகச் சொன்னாள். ஈ வந்தால் நசுக்க வேண்டும். எத்தனை பிழைக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

பாட்டில்களை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. பலகை இன்னும் ஈரம். பரணைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டில் ஒழுகாத இடம் ஒன்றுதான். அதை மூன்று வருஷமாகக் காய்ந்த இடமாக வைத்திருக்கிறாள், மாதையனின் கட்டிலுக்குக் கீழே. மலச்சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு முப்பத்தாறு பாட்டில்களையும் வரிசையாக வைத்தோம். கட்டிலின் ஓரத்துக்குத் தலையை நகர்த்திப் போட்டால் முதல் இரண்டு வரிசை அவன் கண்ணுக்குத் தெரியும்.

"ஏதாச்சும் பறந்தா கூப்புடு" என்றாள் மங்கம்மாள்.

"கொட்டுமா?"

"கொட்டாது."

"கொட்டினாலும் எனக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழ எங்க வேணா கொட்டிக்கட்டும்" என்றான் மாதையன்.

அவள் நோட்டை எடுத்தாள். காலியாக இருந்த முப்பத்தாறு கட்டங்களுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "பரண் புகையில் செத்தது. எண்ணவில்லை. என் தவறு" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த பக்கத்தில் அன்றைய தேதி. குப்பன் வயல், மொச்சை, நூறு கோட்டில் நாற்பத்தொன்று.

மரத்தை வெட்டி வழியைத் திறந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தபோது பதினோரு மணி. புறப்படுவதற்கு முன் மாதையனை இன்னொரு தரம் புரட்டினோம். இந்தத் தடவை பாட்டில்கள் இருக்கும் பக்கமாக.